வயல் மண்ணும் டிஎன்ஏவில் ஏறிய கந்தகமும்

மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வரும்வரை தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், அப்புறம் பார்த்தால் முழங்கால் சேறு. இந்தத் தலைகீழ் மாற்றத்தை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் எப்படித்தான் தாங்குகின்றன என்று தேடிப் படிக்கப்போய், அவை தங்கள் டிஎன்ஏவிலேயே செய்துகொள்ளும் ரசாயன மாற்றங்களில் மனம் சிக்கிக்கொண்டது.

இந்த மாற்றங்களால் டிஎன்ஏவின் எழுத்து வரிசை, அதாவது ஏ, ஜி, சி, டி என்னும் நான்கு வேதிப்பொருள்களின் வரிசை, மாறாது. ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியா, ஜிஏடிசி என்று வருமிடங்களில் ஏ எனும் அடினைன்மேல் மீத்தைல் என்ற சிறு வேதித்தொகுதி ஒன்றை ஒட்டிவைக்கிறது. புதிதாகப் படியெடுத்த இழையில் அது சற்று நேரம் இருக்காது, ஆகவே பிழை வந்தால் எந்த இழையைத் திருத்துவது என்று நொதிகளுக்குத் தெரிந்துவிடும்.

சரி, எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு கந்தகம். டிஎன்ஏ இழையைக் கோத்து நிற்கும் பாஸ்பேட்டில் ஓர் ஆக்சிஜன் இருக்கவேண்டிய இடத்தில் கந்தகம்! மண்வாசனை தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாவிலும் இது உண்டு. இதன் வேதியமைப்பு 2007-ல்தான் தெளிவானது. ஹைட்ரஜன் பெராக்சைடு தாக்கினால் இந்தக் கந்தகம் அதனோடு வினைபுரிந்து டிஎன்ஏவைக் காப்பாற்றுகிறது. ஆனால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் இருக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம் வந்தாலோ, கந்தகம் உள்ள அதே இடத்தில் இழை அறுந்துபோகிறது.

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நம் வயல் மண்ணிலும் யாராவது இதைத் தேடிப் பார்க்க வேண்டும்.