பாலராமபுரத்தில் ஒரே கடைக்குத் தொடர்ந்து போகிறவர்களுக்கு

முண்டு எடுக்கவும் மேல்துணியான நேரியது எடுக்கவும் எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி, கேரளத்தின் கைத்தறி ஊரான பாலராமபுரத்துக்குப் போகிற குமரி மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். அவர்களில் சிலருக்கு மட்டும் அங்கே கடையில் ஒரு அக்காவோ அண்ணனோ இருப்பார். துணி எடுக்கப் போன இடத்தில் கிடைத்த சொந்தம். கணக்கே போடாமல் வருவதுதான், ஆனாலும் அது எப்படி வேர் பிடிக்கிறது என்று சொல்ல முடியும்.

பேச்சுக்குத் தயங்க வேண்டாம். திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா ஆட்சியில் (1798–1810) தமிழ்நாட்டுத் தெற்குப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர் என்ற நெசவாளர் குடும்பங்கள்தான் இங்கே நெசவை வளர்த்தவை. அந்தத் தெருக்களில் தமிழ் புரியும். “அக்கா, கவணி இருக்கா?” என்று மெல்லிய கசவுத் துணியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும்.

ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் பழக்கம் பிடிக்கிற காலமல்ல. அப்போது கடையில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. ஓணம் கழிந்து ஐப்பசியில், கூட்டமில்லாத காலை நேரமாகப் பார்த்துப் போங்கள். துணிக்கட்டைப் பிரித்துக் காட்டுவார்கள், கேட்டதற்குப் பதில் சொல்வார்கள்.

ஆடியில் “சொன்ன துணி வந்தாச்சா” என்று தினமும் போன் போடுகிறவரை யாருக்கும் பிடிக்காது. காரணம் இருக்கிறது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவை விடியற்காலையில் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, பிரஷால் நீவி, தேங்காயெண்ணெய் தொட்டுக் காயவைப்பார்கள். மழை பிடித்தால் அந்த வேலை நின்றுபோகும். ஈரம் போகாத பாவைச் சுற்றினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தறியில் அறுந்துகொண்டே இருக்கும். இது தெரிந்தவர் சித்திரை, வைகாசியிலேயே சொல்லிவைத்துவிடுவார்.

சொல்லிவைப்பதிலும் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது உண்டு. முண்டின் நீளவாக்கில் ஓடும் கரை பாவிலேயே அமைந்துவிடுகிறது. ஒரு பாவில் பல முண்டுகள் தொடர்ச்சியாக நெய்யப்படுவதால் “எனக்கு ஒண்ணு மட்டும் பச்சைக்கரையில் வேணும்” என்றால் நடக்காது. குறுக்கே வரும் தலைப்புப் பட்டை ஊடையில், அதாவது குறுக்கு இழையில், வருவது. அதை ஒரே ஒரு முண்டுக்குக்கூட மாற்றலாம், கசவுச் சரிகையைக் கூட்டலாம், குறைக்கலாம். கேட்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது என்றதும் கடைக்காரர் பேசும் விதமே மாறிவிடும். நட்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

துணியைப் பார்க்கும் விதமும் அப்படித்தான். வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். நெய்யும்போது துணி சுருங்காமல் அகலவாக்கில் இழுத்துப் பிடிக்கும் கம்பின் ஊசிமுனைகள் இரண்டு ஓரத்திலும் சின்னத் துளைகளாகப் பதிந்திருக்கும். அது குறையல்ல, தறியின் அடையாளம். தறியை நிறுத்தி மறுபடி ஓட்டிய இடத்தில் ஊடை நெருங்கியோ கலங்கியோ ஒரு பட்டை தெரிந்தால் அது குறை. அதைக் காட்டிப் பேசலாம். முடிச்சு தென்பட்டால் பிய்க்காதீர்கள், ஓட்டை விழும். கசவில் சந்தேகம் இருந்தால் கடையிலேயே கேளுங்கள். வெள்ளிச் சரிகையா, செம்புக் கம்பியில் முலாம் பூசியதா, வெறும் பிளாஸ்டிக் ஜரிகையா என்பதில்தான் விலை நிற்கிறது. முலாம் தேய்ந்தால் செம்பு கறுக்கும்.

ஈரோட்டுப் பக்கம் விசைத்தறியில் ஓட்டியதும் அதே அலமாரியில் இருக்கக்கூடும். தினசரி உடுத்த அது போதும் என்றால் “விசைத்தறியே கொடுங்க” என்று சொல்லி வாங்குங்கள். கைத்தறியைக் கையில் வைத்துக்கொண்டு விசைத்தறி விலைக்குப் பேரம் பேசுவதைவிட நெசவாளர் வீட்டுப் பெண்ணை நோகடிக்கும் காரியம் வேறில்லை.

வாங்கிப்போன பிறகு துணி எப்படி இருந்தது என்று வந்து சொல்கிறவர் குறைவு. அதைச் சொல்லுங்கள். முதல் தடவை சோப்புப் போடாமல் பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி, முறுக்காமல் நிழலில் காயவையுங்கள். அதற்கு முன், நனைத்த வெள்ளைக் கைக்குட்டையைக் கரையின் மூலையில் ஒரு நிமிடம் அழுத்தினால் சாயம் இறங்குமா என்பது தெரிந்துவிடும். இறங்கினால் அந்தக் கைக்குட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்தக் கட்டு நூலில் வந்த கோளாறு என்று அவர் நெசவாளரிடம் கேட்க முடியும். சண்டை போடுவதைவிட இதனால் இரண்டு பேருக்கும் லாபம்.

இப்படி நாள் போகப்போக, “இன்னைக்கு எடுக்காதீங்க, அடுத்த பாவு நல்லா வருது” என்று ஒருநாள் அவரே சொல்வார். விற்கக்கூடியதை விற்க வேண்டாம் என்று சொல்கிறவர் வியாபாரத்தைத் தாண்டி வந்துவிட்டார். அவர் எடுத்துவைத்த துணி பிடிக்கவில்லையென்றால் போகாமல் இருந்துவிடாதீர்கள். கரை அகலமோ, நிறமோ, காரணத்தைச் சொல்லி மறுங்கள். அடுத்த முறை சரியானதை எடுத்துவைப்பார்.

கொடுப்பதற்கு நம்மிடமும் உண்டு. ஓணத்துக்குப் போடும் அத்தப்பூக் கோலத்துக்குத் தோவாளைப் பூ வேண்டுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். ஒரு சீப்பு மட்டிப்பழம் போதும், முகம் மலர்ந்துவிடும். அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்தால் போய்வாருங்கள். துணி வாங்கிக்கொண்டு போகாமல் கவரில் பணம் வையுங்கள். துணிக்குக் கடன் மட்டும் சொல்லாதீர்கள். கடை முதலாளி வேறு ஆளாக இருந்தால் அந்தக் கடன் உங்களுக்குப் பழக்கமானவர் தலையில்தான் விழும்.

கடையில் வேலைக்கு நிற்கும் பெண்கள் அடிக்கடி கடை மாறுவார்கள். அதனால் கடையின் போன் எண்ணோடு உங்களுக்குப் பழக்கமானவருடைய சொந்த எண்ணையும், அவர் விரும்பினால், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கடைக்குப் போய்ப் பார்க்கும்போது பழைய விலையைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். முதல் தடவை ஒரு துண்டோ, மெல்லிய தோர்த்துத் துவாலையோ எடுத்துக்கொண்டு, அங்கே எந்த நெசவாளரின் துணி வருகிறது என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.