பொவிஸ் கோட்டையில் திப்புவின் கூடாரம்

வேல்ஸின் கிழக்கு எல்லையோரம் வெல்ஷ்பூல் என்றொரு சின்ன ஊர். ரயிலை விட்டு இறங்கி, கடைத்தெருவைத் தாண்டி, மான்கள் மேயும் பூங்கா வழியே நடந்தால் பொவிஸ் கோட்டை வந்துவிடும். 13ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் இளவரசர்கள் கட்டிய செங்கல் நிறக் கற்கோட்டை. 1587இல் ஹெர்பர்ட் குடும்பத்தார் வாங்கினார்கள். படிப்படியாக இறங்கும் தோட்டத்தைப் பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள். நான் போனது உள்ளே இருக்கும் கிளைவ் அருங்காட்சியகத்துக்காக.

ஹெர்பர்ட் குடும்பத்துக்குப் பரம்பரைப் பெருமை இருந்தது, கையில் காசு இல்லை. கோட்டை கவனிப்பாரற்றுக் கிடந்தது. கிளைவ் வீட்டிலோ காசு இருந்தது, பரம்பரை இல்லை. அது எங்கிருந்து வந்த காசு என்று நமக்குத் தெரியும். 1744இல் மதராஸுக்குக் கணக்கெழுத வந்த ராபர்ட் கிளைவ், 1751இல் ஆற்காட்டில் பெயர் வாங்கி, 1757இல் பிளாசிப் போருக்குப் பிறகு வங்காள நவாபான மீர் ஜாபரிடம் மட்டும் 2,34,000 பவுண்டு பெற்றுக்கொண்டவர். அவருடைய மகன் எட்வர்ட், 1784இல் ஹென்றியெட்டா ஹெர்பர்ட்டை மணந்தார். ஹென்றியெட்டாவின் அண்ணன் 1801இல் கல்யாணம் ஆகாமலேயே இறந்துபோக, சொத்து எட்வர்டின் மூத்த மகனுக்குப் போனது. 1807இல் அந்தப் பிள்ளை கிளைவ் என்ற பெயரை விட்டுவிட்டு ஹெர்பர்ட் ஆனார். பணம் தங்கியது, பெயர் போய்விட்டது.

எட்வர்ட் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். 1799 மே 4இல் மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் விழுந்தது. திப்புவின் சிம்மாசனத்தை உடைத்துப் பங்கு போட்டார்கள். அதிலிருந்த புலித்தலை ஒன்று ஹென்றியெட்டாவுக்குப் பரிசாக வந்தது. கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். தங்கத் தகட்டில் கெம்பும் வைரமும் மரகதமும் பதித்து, பல்லைக் காட்டி உறுமுகிறது. அடுத்த வருடமே ஹென்றியெட்டா இரண்டு மகள்களோடு மதராஸிலிருந்து கிளம்பி, ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய், திருச்சி, தஞ்சாவூர் பக்கமாகத் திரும்பினார். போகிற வழியெல்லாம் செடி, கல், பொருள் என்று ஆசையாகச் சேர்த்தார். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் விலைக்கு வாங்கியது, பரிசாக வந்தது, போர்க்கொள்ளையில் கிடைத்தது எல்லாம் இன்று பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி மின்னுகின்றன. பார்ப்பவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நான் அதிக நேரம் நின்றது திப்புவின் கூடாரத்தின் முன்னால். வெள்ளைப் பருத்தித் துணியில் வரிசையாக ஜாடிகள், ஒவ்வொன்றிலும் சிவப்பும் பச்சையுமாகப் பூங்கொத்து. இருநூற்றைம்பது வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கும், சாயம் இன்னும் மங்கவில்லை. போர்முனையில் ஓர் அரசனுக்கு வீடாக இருந்த இதை, பிற்காலத்தில் இங்கே தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது கோபம்தான் வந்தது.