நான்காவது பெயர்

‘வாஸ்வானி மற்றும் பலர், 2017’. மாணவி ஒருவரின் ஆய்வேட்டைத் திருத்தும்போது இன்று பக்கத்துக்குப் பக்கம் இந்த வரிதான்.

மூலக் கட்டுரையைத் திறந்தேன். சாட்ஜிபிடி போன்ற இன்றைய பெரும்பாலான மொழி மாதிரிகளுக்கு அடித்தளமான ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்ற செயற்கை நுண்ணறிவு வடிவமைப்பை அறிமுகப்படுத்தியது. லட்சத்தைத் தாண்டிய மேற்கோள்கள், எட்டு ஆசிரியர்கள்.

முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: எல்லோருடைய பங்கும் சமம், பெயர்களின் வரிசை தற்செயலானது.

யார் என்ன செய்தார்கள் என்பதும் அங்கேயே இருக்கிறது. சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும் பழைய தொடர் வலையமைப்புகளைக் கைவிட்டுவிடலாம் என்ற யோசனையைச் சொன்னவர் யாகோப் உஸ்கொரைட். வரிசையில் நான்காவது!

மேற்கோள் எண்ணிக்கை எட்டுப் பேருக்கும் ஒன்றாகத்தான் ஏறுகிறது. எல்லோர் வாயிலும் நிற்பதோ ஒரே பெயர்.

நம் பதவி உயர்வுக் குழுக்களிடம் இந்த அடிக்குறிப்பைக் காட்டினால், “சரி, முதல் ஆசிரியர் யார்?” என்பார்கள்.