குரும்பையில் ஓட்டை, குருத்தில் வெட்டு

தென்னை காய்ப்புக் குறைந்ததும் "எலிதான்" என்று முடிவுகட்டி எலிமருந்து வாங்கப் போகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் அதிகம். வட்டுக்குள், அதாவது மரத்தின் உச்சிக்குள், காண்டாமிருக வண்டும் இருக்கலாம். எலியை மரத்தில் மறிக்கவேண்டும், வண்டை எருக்கிடங்கில் மறிக்கவேண்டும்.

விழுந்த குரும்பையை எடுத்துப் பாருங்கள். காம்புப் பக்கமாக வட்டமான ஓட்டை, ஓரத்தில் பல் தடம் என்றால் எலி. மூன்று முதல் ஆறு மாதக் காயில்தான் அதற்கு ஆசை. நிலத்திலிருந்து ஆறு அடிக்கு மேலே, ஒன்றரை அடி அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி இடைவெளியில்லாமல் அடித்தால் ஏறாது. அதற்கு முன் காய்ந்த பாளை, பன்னாடை எல்லாம் இறக்கி, வட்டில் கூடு இருந்தால் கலைக்கவேண்டும். இல்லாவிட்டால் எலியை மேலேயே வைத்துப் பூட்டிய மாதிரி. எங்கள் வளவுகளில் மரங்கள் நெருக்கம். ஓலையோடு ஓலை முட்டினால் தகரம் வீண்.

வண்டு பெரும்பாலும் காயைத் தொடாது. விரியாத குருத்தைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும், சப்பிய நாரை வெளியே தள்ளும். மடிந்திருக்கும்போது விழுந்த துளை, ஓலை விரிந்தபின் முக்கோண வெட்டாகத் தெரியும். அதைக் கண்டு மரத்தில் ஏறினால் அந்த வண்டு எப்போதோ போயிருக்கும். குருத்தின் அடியில் ஈரமான நார்த்தும்பு ஒட்டியிருந்தால்தான் ஆள் உள்ளே. முனை வளைந்த கம்பியால் குத்தி இழுக்கலாம். இளங்கன்றுக்கு, குருத்தை அடுத்த மூன்று மட்டைக் கவட்டிலும் ஒவ்வொரு நப்தலீன் உருண்டை வைத்து மணலால் மூடி, 45 நாளுக்கொருமுறை மாற்றவேண்டும்.

எலி தின்றால் காய்தான் நட்டம். வண்டு போட்ட காயத்தில், மரத்தை உள்ளே குடையும் செவ்வண்டு முட்டையிட்டால் மரமே போய்விடும். ஆகவே முதலில் காண்டாமிருக வண்டைக் கவனியுங்கள்.

காண்டாமிருக வண்டின் புழு வளர்வது மாட்டெருவிலும் உக்கிய தென்னங்குற்றியிலும். விரல் தடிப்பில், வெள்ளையாக, தலை மட்டும் கபிலமாகச் சுருண்டு கிடக்கும். முட்டை வண்டாக நாலைந்து மாதமாவது எடுக்கும் என்பதால் இரண்டு மாதத்துக்கொருமுறை எருவைக் கிளறினால் போதும். கோழிகளை அவிழ்த்துவிடுங்கள், ஒன்றும் மிஞ்சாது. பக்கத்து வளவுக்காரர் வெளிநாட்டில் என்றால் தொலைபேசியில் கேட்டு, அங்கே விழுந்து கிடக்கும் குற்றிகளைப் பிளந்து எரித்துவிடுங்கள். அங்கே பிறக்கும் வண்டு உங்கள் மரத்துக்குப் பறந்து வரும்.