ஐந்தடிக் கல்தூணும் கண்மாய் வண்டலும்

கொல்லைக் கதவடியில் கிடந்த கல்தூண் கிணற்றடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. நகர்ந்த தூரம் அறுபது அடி. பொக்லைன் வைத்திருந்தால் அரை மணி நேர வேலை என்று பார்த்தவர்கள் எல்லாம் சொல்லியாகிவிட்டது. அது எனக்கும் தெரியும். சக்கரம், கப்பி, எஞ்சின் மூன்றும் இல்லாமல் கிசா பிரமிடுக்குக் கல் இழுத்தவர்களின் பாட்டைக் கொஞ்சமாவது உடம்பால் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் நோக்கம். கடப்பாரைக்கு மட்டும் விலக்கு. அவர்களிடம் இரும்பு இல்லை, மர நெம்புகோல்தான். என் முதுகுக்கு நான் கொடுத்த சலுகை அது.

கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லுக்குப் பஞ்சமில்லை. எங்கள் தூண் ஐந்தடி நீளம், பக்கத்துக்கு ஓரடி. கருங்கல் ஒரு கன அடிக்குச் சுமார் 75 கிலோ. ஆகவே தூண் 375 கிலோ. அதை ஏற்றிய சறுக்குப் பலகை, வீட்டில் கழித்துப்போட்ட தேக்குச் சட்டங்கள் இரண்டைக் கீழே வைத்துக் குறுக்குக்கட்டை அடித்தது. எல்லாம் சேர்த்து 400 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பழைய இரும்புக் கடையில் வாடகைக்கு எடுத்த தொங்கு தராசை வடத்துக்கும் பலகைக்கும் நடுவே மாட்டினால், இழுக்கும் விசை எவ்வளவு என்று தராசே சொல்லிவிடும்.

முதலில் மணல். எகிப்தில் ஜெஹுதிஹோதெப் என்ற மாகாண ஆளுநரின் கல்லறையில் ஒரு சுவரோவியம் உண்டு. சுமார் 3,900 ஆண்டுப் பழமை. பிரம்மாண்டமான சிலையைச் சறுக்குப் பலகையில் கட்டி 172 பேர் இழுக்கிறார்கள். பலகையின் முனையில் ஒருவர் நின்று தரையில் தண்ணீர் ஊற்றுகிறார். அது ஏதோ சடங்கு என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சின்னப் பலகை ஒன்றை மணலில் இழுத்து அளந்து பார்த்தார்கள். அளவாக நனைத்த மணலில் இழுவிசை ஏறத்தாழ பாதியானது. காய்ந்த மணல் பலகையின் முன்னால் குவிந்து வழிமறிக்கிறது. ஈர மணலிலோ துகள்களுக்கு இடையே நிற்கும் நீர் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துத் தரையை இறுக்கிவிடுகிறது. தண்ணீர் கூடிப்போனால் உராய்வு மறுபடியும் ஏறும்.

கொல்லையில் ஆற்று மணல் பரப்பியபோது இது அப்படியே நடந்தது. காய்ந்த மணலில் தராசு 210 கிலோவைத் தொட்ட பிறகே பலகை அசைந்தது. முன்னால் குவிந்த மணலை ஒருவர் மண்வெட்டியால் தள்ளிக்கொண்டே வரவேண்டியிருந்தது. பூவாளியில் தண்ணீர் தெளித்ததும் 120-க்கு இறங்கியது. நாலு பேர் திணறிய இடத்தில் மூன்று பேர் பேசிக்கொண்டே இழுத்தோம்.

ஆனால் இன்றைய விலையில் அறுபது அடிக்கும் ஆற்று மணல் பரப்ப நான் பார்வோன் இல்லை. எங்கள் செம்மண்ணையே நனைத்தால் பலகையின் அடியில் அப்பிக்கொண்டு உயிரை வாங்கியது. வழி கிடைத்ததும் எகிப்தில்தான். கர்னாக் கோயிலில் நெடுங்காலம் சீரமைப்பு வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி செவ்ரியே, ஆறு டன் கல்லை நனைத்த சேற்றுத் தளத்தின் மேல் ஆறே பேரை வைத்து இழுத்துக் காட்டியிருக்கிறார். ஆளுக்கு ஒரு டன்! நைல் நதியின் வண்டலுக்கு எங்கே போவது? எங்கள் ஊர்க் கண்மாய் வண்டல் இருக்கிறதே. செம்மண் தரையைத் திமிசு போட்டு இடித்துக் கெட்டியாக்கி, அதன்மேல் வண்டலை விரல் கனத்துக்கு மெழுகிக் காயவிட்டோம். இழுக்கும்போது மட்டும் மேலாக நீர் தெளித்தோம். தராசு காட்டியது 80 கிலோ.

இருந்தாலும் ஒரு கணக்கு உதைக்கிறது. அந்த ஓவியத்துச் சிலை 58 டன் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 172 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 337 கிலோ. எங்கள் தளத்தின் வழவழப்பில், அதாவது பாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு விசையில், அதை இழுக்க ஒவ்வொருவரும் 67 கிலோ விசை கொடுக்க வேண்டும். நாள் முழுக்க அது மனிதனால் ஆகாது. ஓவியர் ஆட்களைக் குறைத்து வரைந்தாரோ என்னவோ. செவ்ரியேயின் ஆறு பேரை நினைத்தால், அவர்களுடைய பாதை எங்களுடையதைவிடப் பலமடங்கு நேர்த்தியாக இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. கிணற்றை நெருங்கும் கடைசிப் பத்தடி, ஐந்தடிக்கு ஓரடி என்று இறங்குகிறது. 400 கிலோ அந்தச் சரிவில் கீழ்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 80 கிலோ. வண்டலின் பிடிமானமும் அதே 80 கிலோ. கூடுதலாக ஒரு குவளைத் தண்ணீர் சிந்தினால் கல் தானாகக் கிளம்பிக் கிணற்றுக்குள் போய்விடும். பக்கத்து வீட்டு அண்ணன் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். சரிவைப் பார்த்ததும் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். "கட்டை கையில் இல்லாமல் வடத்தைத் தொடாதே தம்பி" என்றார். அன்று நாங்கள் இழுக்கவே இல்லை. வடத்தை வேப்பமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை நான் ஒருவனே பிடித்து அங்குலம் அங்குலமாக விட்டேன். அவர் கட்டையைப் போட்டும் எடுத்தும் கல்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். மரத்தில் சுற்றிய வடம் பாரத்தில் பெரும்பகுதியைத் தானே தாங்கிக்கொள்வதை உள்ளங்கையில் உணர முடிந்தது.

எகிப்தின் ஹத்நூப் அலபாஸ்டர் கல் குவாரியில் 2018-இல் வெளிவந்த சரிவுப் பாதையின் அருமை எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னர் காலத்தது. நூற்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஏற்றம், அதாவது எங்கள் கிணற்றடிச் சரிவேதான். இருபுறமும் படிக்கட்டுகள், மரத்தூண்கள் நட்ட குழிகள். வடத்தைச் சுற்றிப் பிடிக்கத்தான் தூண்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வேற்றுக்கிரகவாசிகள் வந்து கட்டினார்கள் என்று காணொளி போடுகிறவர்களை ஒரு நாள் வடத்தின் நுனியைப் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

சரிவு என்றதும் தஞ்சைப் பெரிய கோயில் பேச்சு வராமல் இருக்குமா? 1010-இல் முடிந்த 216 அடி விமானத்தின் உச்சிக்குச் சாரப்பள்ளத்திலிருந்து சுமார் 6 கிலோமீட்டருக்கு மண் சாரம் போட்டு 80 டன் ஒற்றைக் கல்லை ஏற்றினார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். உச்சியில் இருப்பது ஒற்றைக் கல் அல்ல, பல துண்டுகளின் சேர்க்கை. சாரத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து மீட்டர் அகலம் என்றாலே ஏறத்தாழ 20 லட்சம் கன மீட்டர் மண். பக்கச் சரிவையும் சேர்த்தால் 26 லட்சம் கன மீட்டர் கொண்ட கிசாவின் பெரிய பிரமிடையே மிஞ்சிவிடும். கோயிலைச் சுற்றிச் சுற்றி ஏறும் சாரமே எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.

இந்த விஷயத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் திருமயத்திலும் குடைவரை செதுக்கியவர்கள்தான் கெட்டிக்காரர்கள். கல்லைக் கோயிலுக்குக் கொண்டுவராமல் கோயிலைக் கல்லுக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

அடுத்து தூணை நிமிர்த்தி நட வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் சராசரி 25 டன் கற்களை நட்ட முறைதான்: குழியின் ஒரு பக்கம் சரிவு, எதிர்ப்பக்கம் செங்குத்து. செங்குத்துச் சுவரில் கல் இடித்து மண் சரியாமல் இருக்க அங்கே மரக்கம்புகளை வரிசையாக நிறுத்துவார்கள். குழி ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டியாகிவிட்டது. நைலான் கயிற்றை இதற்கு நம்பப்போவதில்லை. பாரம் ஏறினால் நீள்கிறது, அறுந்தால் சாட்டையாக அடிக்கும். தேங்காய்நார் வடத்துக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வடம் வந்ததும் அண்ணனுக்கு ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து நடவேண்டியதுதான்.