துருத்திக்கொண்டு நின்ற ஒரு இலை

டிசைன் படிப்பின் கடைசி ப்ராஜெக்டுக்கு வால்பேப்பர் தொகுப்பு செய்யலாம் என்று முடிவெடுத்தபோது, படம் வரைவதுதான் பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். கொடியும் இலையுமாக வரைந்து, ஸ்கேன் செய்து, வண்ணம் சேர்க்க இரண்டு வாரம் ஆனது. ரிப்பீட்டை, அதாவது ஒரே படம் ஒட்டு தெரியாமல் திரும்பத் திரும்ப வருவதைச் சரிசெய்ய ஐந்து வாரம்!

ரோல் அகலம் 53 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன், பரவலாகப் புழங்கும் அளவு அது. டைலும், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்த ஒற்றைப் படத் துண்டும், அதே அகலம். 150 டிபிஐயில் (அங்குலத்துக்கு 150 புள்ளி) சுமார் 3130 பிக்சல். ஃபோட்டோஷாப்பின் ஆஃப்செட் ஃபில்டரில் படத்தைப் பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்தினால், ஓரங்கள் நடுவில் வந்து கூட்டல் குறி மாதிரி ஒரு தையல் தெரியும். அதன் மேல் இலைகளை வரைந்து மூட வேண்டும். அப்போது தூரிகை வெளி ஓரத்தைத் தொடக் கூடாது, தொட்டால் அங்கே புதிதாக ஒரு வெட்டு விழும். நான் இரண்டு முறை தொட்டேன்.

சரி, முடிந்தது என்று 12 டைல்களைச் சேர்த்து, அளவைக் குறைத்து அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். கிட்டத்தில் அழகாகத்தான் இருந்தது. நாலடி பின்னால் போனதும் கொடி மறைந்து, ஒரே ஒரு இலைதான் கண்ணில் பட்டது. மற்றவற்றைவிட அதிகம் வளைந்த இலை. வரைந்ததில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 12 இடங்களில் அணிவகுத்து நின்றது. போதாததற்கு, இலைகளுக்கு இடையே விட்ட வெற்றிடங்கள் ஒன்று சேர்ந்து சுவர் நெடுகச் சாய்வான வாய்க்கால்களாக ஓடின. திரையில் ஒற்றை டைலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது எப்படித் தெரியும்?

ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1862இல் வடிவமைத்த 'ட்ரெல்லிஸ்' வால்பேப்பரில் மரச்சட்டக் கட்டங்கள் வெளிப்படையாகவே திரும்பத் திரும்ப வரும். ரிப்பீட்டை மறைக்காமல் அதையே அழகாக்கிவிட்டார். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. ஹாஃப் டிராப்புக்கு மாறினேன், அதாவது ஒவ்வொரு பத்தியும் பக்கத்துப் பத்தியைவிட டைலின் பாதி உயரம் கீழே இறங்கும். ஒட்டுபவருக்குப் பொருத்துவது கொஞ்சம் சிரமம்தான். எனக்கும் இடது, வலது ஓரங்களை முழுக்கத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. வாய்க்கால்களில் சின்னத் தளிர்களை நுழைத்தேன். அப்புறம், மனசில்லாமல் அந்த இலையை அழித்தேன்.

நிறத்திலும் ஒரு அடி வாங்கினேன். திரையில் பளிச்சென்ற பச்சை அச்சில் மங்கிவிட்டது. அதன் பிறகு திரையை நம்பாமல், ஒரே பச்சையின் பல சாயல்களைச் சின்னச் சதுரங்களாக அச்செடுத்து, அதிலிருந்து தேர்ந்தெடுத்தேன்.

அழித்த இலையைத் தூக்கிப் போடவில்லை. தொகுப்புக்குத் துணை டிசைன் ஒன்று தேவைப்பட்டபோது, அதை மட்டும் சின்னதாக்கி நெருக்கமாக அடுக்கினேன். எல்லாமே வளைந்த இலை என்பதால் எதுவும் துருத்தவில்லை. மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் அதிக நேரம் நின்று பார்த்தது, ஒரே மாலையில் முடித்த அந்தத் தாளைத்தான்.