பிரஷர் பார்க்காமல் வைத்த சார்பிட்ரேட்

பென்னாகரம் பக்கத்துக்காரர், வயது ஐம்பதுக்கு மேல். விடிகாலையில் நெஞ்சடைப்பு, வியர்வை, இரண்டு தடவை வாந்தி. வழியில் ஒரு கிளினிக்கில் நாக்குக்கு அடியில், ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் 5 மில்லிகிராம் வைத்து அனுப்பியிருந்தார்கள். சீட்டில் மாத்திரை பெயர் இருந்தது, பிரஷர் அளவு இல்லை. தர்மபுரி வந்து சேர்ந்தபோது 70/50.

மேல் பிரஷர் 90க்குக் கீழே என்றால் அந்த மாத்திரையைத் தொடக் கூடாது. வயாகரா சாப்பிட்டு 24 மணி நேரம் ஆகாதவருக்கும் (அதே வகை டடாலாஃபில் என்றால் 48) கூடாது. வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள், அப்போதுதான் பதில் வரும்.

ஈ.சி.ஜி.யில் 2, 3, ஏ.வி.எஃப். என்ற மூன்று லீடுகளிலும் கோட்டின் எஸ்.டி. பகுதி ஏறியிருந்தது, இதயத்தின் அடிப்பக்க அடைப்பு. இதில் வலது கீழறையும் அடிவாங்கியிருக்கலாம். கண்டுபிடிக்கப் பைசா செலவில்லை. இடது மார்பில் இருக்கும் வி4 ஒயரைக் கழற்றி, வலது மார்பில் அதே உயரத்தில், ஐந்தாவது விலா இடுக்கில் ஒட்டி இன்னொரு தாள் எடுத்தால் போதும். எஸ்.டி. 1 மில்லிமீட்டர் ஏறியிருந்தாலே சந்தேகம் உறுதி. அந்த அறை, வந்து சேரும் ரத்தத்தை நம்பித்தான் ஓடுகிறது. சார்பிட்ரேட் அந்த வரவையே குறைத்துவிடும். சிறுநீரைப் பிரிக்கும் லாசிக்ஸ், வலிக்குப் போடும் மார்ஃபின் இரண்டும் அதே வேலையைத்தான் செய்யும்.

நுரையீரலில் சத்தமில்லை, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆகவே நார்மல் சலைன் 250 மில்லி வேகமாக ஏற்றியதும் மேல் பிரஷர் 80. இன்னொரு 250: 94. அதற்கும் ஏறாவிட்டால் பாட்டில் பாட்டிலாக ஊற்றாதீர்கள். வீங்கும் வலது அறை இடது அறையை நெருக்கிவிடும். அப்போது பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின்தான். பழக்கதோஷத்தில் அதற்குப் பதில் டோபமின் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். துடிப்பு தாறுமாறாவது அதில் அதிகம். நுரையீரலில் கொறகொறப்பு கேட்டாலோ கணக்கே வேறு, சலைன் ஆளை மூழ்கடிக்கும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் முதல் டோஸைப் பிரஷர் குறைவு என்று நிறுத்த வேண்டாம். தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், இவை அடங்கிய 14 மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். கொடுத்தார்களா இல்லையா என்று இந்தச் சீட்டில் இல்லாததால், ஊருக்கு போன் போட்டே கால் மணி நேரம் போனது. மருந்து, அளவு, மணி மூன்றையும் எழுதுங்கள், ஐயா!

கேத் லேபுக்கு (இதயக் குழாய் அடைப்பைத் திறக்கும் இடம்) அனுப்புகிறவர் வலது மணிக்கட்டில் ஊசி குத்தாமல் விடுங்கள், குழாயை அந்த வழியாகத்தான் பெரும்பாலும் விடுவார்கள். சேலத்துக்கு அனுப்புவதென்றால், மருந்தைச் சீராக ஏற்றும் சிரிஞ்ச் பம்பின் பேட்டரியையும், நிறைத்த மாற்று சிரிஞ்சையும் கிளம்பும் முன்பே பாருங்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டி ஆடும்போது மருந்து கலக்க முடியாது.